வெள்ளிக்கிழமைத் தீர்த்தம்

போன ஞாயிற்றுக்கிழமை போர்ட் பிளேர் லம்பா லைன் கோயில் மண்டபத்தில் நம் முதியோர் சங்கக் கூட்டத்துக்கு மெயின்லாண்டிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்திருந்தீர்கள். பக்தி உள்ளவனுக்கு ரத்தக்கொதிப்பு வராது, தினமும் விளக்கேற்றுகிற வீட்டில் ஆயுள் கூடும் என்று அந்த மனிதர் ஒரு மணி நேரம் முழங்கினார். நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினீர்கள். பேச்சு முடிந்ததோ இல்லையோ, இடுப்பிலிருந்தும் கைப்பையிலிருந்தும் ஆளுக்கொரு மாத்திரை டப்பாவை எடுத்தீர்களே, அந்தக் கண்காட்சிக்காகத்தான் நான் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற சுகர் மாத்திரை. போட்டுக்கொண்டு புளியோதரை வரிசையில் போய் நின்றீர்கள். ஒருத்தருக்காவது சிரிப்பு வரவில்லை.

அதோடு விட்டிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அடுத்த கூட்டத்தில், இந்தத் தீவுகளில் நெடுநாள் வாழ்ந்த பக்திமான்களின் படங்களை வரிசையாக வைத்து மாலை போடப் போகிறீர்களாம். என் தாத்தாவின் படத்தைக் கேட்டு நம் செயலாளர் வீடு தேடி வந்தார். தொண்ணூறைத் தாண்டியவர், மாத்திரை என்று ஒன்றைக் கையால் தொட்டதில்லை, ஹட் பேயில் எல்லாருக்கும் தெரியுமே என்றார். எல்லாருக்கும் தெரிந்ததைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். வேலை பார்த்த காலமெல்லாம் கப்பல் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, இல்லை என்றால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவள் நான். இதையும் அப்படியே சொல்லிவிடுகிறேன். கேட்டுக்கொண்டு பிறகு மாலை கட்டுங்கள்.

அப்பாவுக்கு அப்போது தெற்குத் தீவில், ஹட் பேயில், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை. காட்டை வெட்டிப் பனங்கன்று நட்டுக்கொண்டிருந்த காலம். தகரக் கூரை போட்ட லைன் வீட்டில் நாங்கள் ஐந்து பேர்: தாத்தா, அப்பா, அம்மா, அத்தை, நான். அத்தை தாத்தாவின் ஒரே மகள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் வேறொருத்தியோடு போய்விட, ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலேறி அண்ணன் வீட்டுக்கு வந்தவள். ராமநாதபுரம் பக்கத்தில் பேசுகிறபடியே கடைசிவரை பேசினாள். எனக்கு ஜடை போட்டுவிடும்போது தலையை வலிக்காமல் பிடித்துக்கொள்வாள். அம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அந்த வருஷம் மழை பிடித்ததும் விடவே இல்லை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அடுப்புக்கு மேல் கயிறு கட்டித் துணி காயப் போடுவார்கள். பள்ளிக்கூடப் பாவாடை முழுக்கப் புகை நாற்றம் அடிக்கும். சுவர்களில் கொசு மருந்து அடித்த வெள்ளைத் திட்டுகள். நடந்து வந்தால் காலில் அட்டை. கடல் கொந்தளிப்பால் போர்ட் பிளேரிலிருந்து வர வேண்டிய கப்பல் வரவில்லை. கடையில் வெங்காயம் தீர்ந்தது, பிறகு பருப்பு தீர்ந்தது. காய்ச்சல் மட்டும் தீரவில்லை, வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது.

காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க ஓர் ஆள் சைக்கிளில் வருவார். மலேரியாக்காரர் என்றுதான் அவருக்குப் பேர். விரலில் குத்தி ரத்தம் எடுப்பார். காய்ச்சல்காரர்களுக்கு மூன்று நாள் மாத்திரை, அது முடிந்ததும் வாரம் ஒருமுறை விடாமல் மாத்திரை. அந்த மாத்திரையின் கசப்பை உங்களில் தீவிலேயே வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாக்கில் ஒட்டிக்கொண்டால் சாப்பாட்டு வேளை வரைக்கும் போகாது.

தாத்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. அத்தை மாத்திரையை வாயில் வைத்தாள். அதை மலேரியாக்காரரின் சட்டையிலேயே துப்பினார்.

"கண்டவன் கை பட்ட தவாய் எனக்கு வேண்டாம். மாரியாத்தா குடுத்த உசுரு. அவ பாத்துக்குவா" என்றார்.

"தவாய் சாப்பிடலேன்னா மாரியாத்தா நேர்ல வந்து கூட்டிட்டுப் போயிடுவா, பெரியவரே" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் சட்டையைத் துடைத்துக்கொண்டு மாத்திரைகளை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் லைனுக்குப் பின்னால் தகரம் போட்ட மாரியம்மன் கோயில் இருந்தது. பக்கத்தில் ஒரு நோஞ்சான் வேப்பமரம். அந்த ஈரத்தில் வேம்பு எங்கே செழிக்கும்? இருந்த இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டு அம்மன் காலடியில் வைத்து எடுத்தால் அது வேப்பிலைத் தீர்த்தம். அதை மட்டும் தாத்தா குடிப்பார். மறுநாள் காலையில் அத்தை மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கரண்டிக் காம்பால் நசுக்கியதை நான் பார்த்தேன். தூளைத் தாத்தாவின் வெள்ளி டம்ளரில் போட்டு, மேலே வேப்பிலைத் தீர்த்தத்தை ஊற்றிக் கலக்கினாள்.

"என்ன அத்தை இது?"

"உன் தாத்தா நாளைக்கும் நம்மளத் திட்டணும்ல? அதுக்கு. வாயத் தொறந்துடாத, என் கண்ணு."

மூன்று நாளில் தாத்தா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். குளிக்கப் போனார். ஈர வேட்டியோடு வாசலில் நின்று, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஒரு மாத்திரை தொடல. பாத்துக்கிட்டீங்களா?" என்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள். சாகக் கிடந்த கிழவர் கல்லுமாதிரி நிற்கிறாரே, பார்க்காமல் இருப்பார்களா.

அதன்பிறகு அத்தைக்கு ஒரு வேலை கூடியது. வாரம் ஒரு மாத்திரை கொடுக்க வேண்டுமே, அதற்கு வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டாள். பொடியை ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டுச் சாமி மாடத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். ரோஜாப்பூ படம் போட்ட தகர டப்பா அது, மூடி துருப்பிடித்தது. வெள்ளிக்கிழமை காலையில் தாத்தா டம்ளரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து ஒரு துண்டு வெல்லம் கேட்பார். மற்ற நாளில் அதே வேப்பிலைத் தீர்த்தம்தான் குடிப்பார், வெல்லம் கேட்க மாட்டார். எனக்கு அப்போது இதில் ஒன்றும் தோன்றவில்லை.

தாத்தாவின் பேர் பரவியது. தமிழ் லைனிலிருந்து பெங்காலி வீடுகள் வரைக்கும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை வந்தால் வாசல் பெஞ்சில் தாத்தா உட்கார்ந்திருப்பார், எதிரே பெண்கள் சொம்போடு நிற்பார்கள். பெரிய பித்தளைக் குடத்திலிருந்து அவர்களுக்கெல்லாம் தீர்த்தம் ஊற்றுவது அத்தை. அந்தக் குடத்தில் வேப்பிலையும் தண்ணீரும் தவிர ஒரு மண்ணும் கிடையாது. ஊருக்கே கலக்க அவளிடம் மாத்திரை ஏது? நடுவில் தாத்தாவின் உபதேசம் வேறு. "ரெண்டு வேளையும் சாமி கும்புடுறவன் கிட்ட எமன் வரமாட்டான். நோய் வந்தவன் வீட்டுல எங்கயோ பக்தி கொறைஞ்சிருக்கு. தேடிப் பாரு" என்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழுதுகொண்டு வந்தவளிடம் இதைச் சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும். அவள் அழுதபடியே தலையாட்டிவிட்டுப் போனாள்.

பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குப் பெரியவர் இருந்தார். தாத்தா வயதுதான். தூண்டில், பீடி, வாய்க்கொழுப்பு, இவ்வளவுதான் அவர் சொத்து. கோயில் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். மலேரியாக்காரர் கொடுக்கிற மாத்திரையை ஒழுங்காக விழுங்கிவிடுவார். எங்கள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துத் தாத்தாவைச் சீண்டுவதில் அவருக்கு அலாதி சந்தோஷம்.

"க்யா சாமியாரே, மேல போற ஜஹாஸ் கப்பல்ல நம்ம ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சு. நீங்க குளிச்சிட்டு ஏறுவீங்க, நான் மீன் நாத்தத்தோட ஏறுவேன். அவ்ளோதான் ஃபரக், வேற வித்தியாசம் இல்ல" என்பார்.

தாத்தா காதில் விழாதது போல உட்கார்ந்திருப்பார். காது மட்டும் சிவந்திருக்கும்.

தெலுங்குப் பெரியவரின் மகளுக்குப் பயம். தன் அப்பா இருமுகிறார், இளைக்கிறார். எங்கள் தாத்தாவோ மாத்திரை இல்லாமலே மரமாட்டம் நிற்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை தன் அப்பாவைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மகள் அழுதால் அவரால் தாங்க முடியாது. "பேட்டி, என் மக, சொல்லிட்டா, நான் என்ன பண்றது" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தாத்தாவுக்கு அன்றைக்கு வந்த மகிழ்ச்சியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வேலிக்கு மேலே கேட்ட அத்தனை கிண்டலுக்கும் சேர்த்து வட்டி வாங்குகிற முகம்.

"மாத்திரையும் வேணும், மாரியாத்தாளும் வேணும்னா அவ எதுக்கு வரப்போறா? மொதல்ல அதத் தூக்கிக் கடாசு. அப்புறம் என்கிட்ட வா" என்றார்.

மகள் வீட்டுக்கு ஓடி மாத்திரைகளைக் கொண்டுவந்து எங்கள் வாசல் சாக்கடையில் கொட்டினாள். மழைத்தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. அத்தை கையில் குடத்தோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். தெலுங்குப் பெரியவருக்குக் காய்ச்சல். வேலிக்கு அப்பாலிருந்து பிதற்றல் கேட்டது. ஏதோ மீனை விரட்டிக்கொண்டிருந்தார். அத்தை பின்வாசல் வழியாகப் போய் அந்த மகளிடம் கெஞ்சியபோது நானும் கூட நின்றேன்.

"தீர்த்தத்தோட மாத்திரையையும் குடும்மா. என்கிட்ட இருக்கு, நான் தர்றேன். எங்கப்பாருகிட்ட சொல்ல வேணாம்."

"உங்கப்பா தெளிவா சொன்னாங்கக்கா, ரெண்டும் ஒண்ணா ஆகாதுன்னு. பத்தி கொறைஞ்சா அப்பா போயிடுவாரு. நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

கையில் திணித்த பொட்டலத்தை அவள் திருப்பி அத்தையின் கையிலேயே வைத்துவிட்டாள். நல்ல பெண் அவள். அப்பாமேல் உயிரையே வைத்திருந்தாள். நல்லவர்களைப் பிடித்துத்தான் இந்த மாதிரி ஆட்கள் ஆட்டிவைப்பது.

அத்தை உண்மையைச் சொன்னால் அந்தக் கிழவர் பிழைப்பார். சொன்னால் இவளுக்கு இந்த வீடு இல்லை. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். புருஷன் வீடு போயிற்று. தாத்தா ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் வீடும் போய்விடும். அந்த இரண்டு நாளும் பொட்டலத்தை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. வாசலில் கூட்டம். தெலுங்குப் பெரியவரின் மகள் தலைவிரி கோலமாக முன்னால் நின்று, அப்பா கண் திறக்கவில்லை என்றாள். தாத்தா திருநீற்றை அள்ளினார். "நேத்து வரைக்கும் பழிச்ச வாயில்ல? ஆத்தா சோதிக்கிறா. இன்னும் ஒரு வாரம் குடு" என்றார்.

அத்தை குடத்தைக் கீழே வைத்தாள்.

"இதுல ஒண்ணும் இல்லம்மா. வெறும் வேப்பிலைத் தண்ணி. எங்கப்பாரு டம்ளர்ல மட்டும் நான் காய்ச்ச மாத்திரையக் கலக்கிக் குடுக்கிறேன். மொத காய்ச்சல்ல இருந்தே. நீ ஓடிப்போய் மலேரியாக்காரரக் கூப்பிடு. இந்தா, இத மொதல்ல ஊத்து" என்று இடுப்பிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த மகள் பொட்டலத்தோடு சேற்றில் ஓடினாள். மற்ற பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தாத்தா மட்டும் அசையவில்லை. என்ன மாத்திரை என்று கேட்கவில்லை, எப்போது கலந்தாய் என்று கேட்கவில்லை. தெரியாமல் எதையாவது தின்னக் கொடுத்துவிட்டார்கள் என்றால் நீங்களும் நானும் முதலில் அதைத்தானே கேட்போம்? அவர் கேட்டதெல்லாம் வேறு.

"தாலியக் காப்பாத்தத் தெரியாத முண்டை, ஆத்தா தீர்த்தத்துல கைய வச்சுட்டியா? இனி எவன் இந்த வாசலுக்கு வருவான்?"

"அந்தக் கிழவரு செத்துப்போவாருப்பா."

"செத்தா அவன் விதி. இந்த வீட்டுல இனி நீ தண்ணி மொள்ளக் கூடாது. கப்பல் வந்ததும் கெளம்பு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். போட்ட பொத்தானையே திரும்பத் திரும்பப் போட்டார். அப்பா நல்லவர்தான், ஆனால் அந்த நல்லதனத்தால் ஒருத்தருக்கும் பிரயோஜனம் இருந்ததில்லை.

தெலுங்குப் பெரியவர் பிழைத்துக்கொண்டார். மலேரியாக்காரர் அங்கேயே உட்கார்ந்து மருந்து கொடுத்தார், கண் திறந்தது, பீடி கேட்டார். நம் ஜனங்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? தாத்தா அன்றைக்குத் திருநீறு அள்ளினாரே, அதோடு காய்ச்சல் இறங்கிவிட்டது என்றார்கள். மாத்திரைப் பொட்டலத்தைக் கண்ணால் பார்த்த அதே பெண்கள். அடுத்த வாரமே சொம்பைத் தூக்கிக்கொண்டு வரத் தயாராகிவிட்டார்கள். அத்தை சொன்னது புத்தி பேதலித்தவளின் பேச்சாகிவிட்டது; வாழாவெட்டிக்குப் பொறாமை என்று கடையில் பேசிக்கொண்டதாக அம்மாவே வந்து சொன்னாள்.

எல்லாரும் வெங்காயத்துக்காகக் காத்திருந்த கப்பல் அந்த வாரம் பார்த்து வந்தது. அதன் சங்கு ஊதியதும் பிள்ளைகள் எல்லாம் கப்பல் நிற்கிற ஜெட்டிக்கு ஓடினோம். நான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மெயின்லாண்டில் தாத்தாவின் தம்பி வீட்டுக்கு அவளை அனுப்புவதாக முடிவு. தெலுங்குப் பெரியவர் குச்சி ஊன்றி ஜெட்டி வரைக்கும் நடந்து வந்திருந்தார். ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார்.

"பேட்டி, கருவாடு. நானே காய வச்சது. மூணு நாலு நாள் கப்பல்ல சோறு நல்லா இருக்காது" என்றார்.

அத்தை அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு அம்மாவைத் தனியே கூப்பிட்டு அந்த ரோஜாப்பூ டப்பாவைக் கையில் கொடுத்தாள்.

"வெள்ளிக்கெழம மறந்துடாதீங்க அண்ணி. மழை நிக்கிற வரைக்குமாவது குடுங்க."

துரத்துகிறவருக்கு மருந்து எடுத்துவைத்துவிட்டுப் போகிறாள். எனக்கு இதை நினைத்தால் அத்தை மேலேயே கோபம் வருகிறது. என் தலையைத் தடவிவிட்டுக் கப்பலேறினாள். அதன்பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. அங்கே ஒரு கூட்டுக் குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டு, கேட்க நாதியில்லாத காய்ச்சலில், ஒரு தலைமுடிகூட நரைக்காத வயதில் போய்ச் சேர்ந்தாள். தினமும் இரண்டு வேளை விளக்கேற்றியவள். அந்தப் பேச்சாளரைக் கேட்டுச் சொல்லுங்கள், அவளுடைய ஆயுள் எங்கே போயிற்று என்று.

அம்மா அந்த டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் எறிந்துவிட்டாள். பாவத்தில் பங்கு வேண்டாம் என்று பயம். அடுத்த வெள்ளிக்கிழமை வெறும் வேப்பிலைத் தீர்த்தத்தைத் தாத்தாவின் வெள்ளி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். வாசலில் கூட்டம் பழையபடி சேர்ந்திருந்தது. தாத்தா உள்ளே மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். இன்னொரு வாய் குடித்தார். வெல்லம் கேட்கவில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது வேப்பிலைக் கசப்பு மட்டும்தான். அது எங்க?"

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அடுப்படிக்குப் போய், அரிசிப் பானையை நகர்த்தி, டப்பாவை எடுத்து வந்தாள். பொடியைப் போட்டுக் கலக்கினாள். தாத்தா ஒரே மூச்சில் குடித்தார், முகத்தைச் சுளித்தார், வெல்லத்துக்குக் கையை நீட்டினார்.

கதவோரம் நின்றிருந்த அப்பா கேட்டார். "அப்பா, தங்கச்சிய வரச் சொல்லி ஒரு தந்தி குடுக்கட்டுமா?"

தாத்தா வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

"தீர்த்தத்தத் தீட்டுப்படுத்துனவ. அவ எதுக்கு?" என்றார். காலி டம்ளரை அம்மாவிடம் கொடுத்தார். "அடுத்த வாரமும் மறந்துடாத." எழுந்து, திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

இப்படித்தான் அவர் தொண்ணூறைத் தாண்டினார். அம்மா கலக்கினாள், பிற்பாடு மற்ற மாத்திரைகளும் அந்த டம்ளரிலேயே கரைந்தன. அம்மனை நான் குறை சொல்லவில்லை; அவள் பாவம், தகரக் கூரைக்குக் கீழே எங்களோடு நனைந்துகொண்டிருந்தாள்.

செயலாளரே, தாத்தாவின் படம் என் வீட்டுப் பரணில் கண்ணாடியோடு பத்திரமாக இருக்கிறது. தரமாட்டேன். அத்தையின் படம் இருந்தால் நானே துடைத்துப் பொட்டு வைத்துக் கொண்டுவந்து உங்கள் மேடையில் வைத்திருப்பேன். அவளை யாரும் படம் எடுக்கவில்லை.